பழைய பியானோவா, புது கீபோர்டா?

பிள்ளைங்களை வெஸ்டர்ன் மியூசிக் கிளாஸ்ல சேர்த்த வீடுகள்ல அடுத்த மாசமே வர்ற சண்டை இது. எங்க அக்கா வீட்டிலும் வந்தது. அத்தான் கீபோர்டு கட்சி (இடத்தை அடைக்காதாம்!), அக்கா பழைய பியானோ கட்சி. நடுவுல எட்டு வயசுப் பொண்ணு. பஞ்சாயத்து என்கிட்ட வந்ததால, கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்த்தேன். கொஞ்சம்னா... ஒரு முன்னூறு வருஷம்.

அந்தக் காலத்து ஐரோப்பியப் பணக்கார வீடுகள்ல இருந்தது ஹார்ப்சிகார்ட். கட்டையை அழுத்தினா உள்ளே ஒரு இறகு முனை கம்பியைச் சுண்டும். மெதுவா அழுத்தினாலும் ஓங்கி அடிச்சாலும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான். (கிளாவிகார்டுன்னு இன்னொண்ணு விரலுக்குக் கட்டுப்படும். ஆனா சத்தம் ரொம்பச் சன்னம், சபையில எடுபடாது.) 1700 வாக்கில் ஃபுளோரன்ஸ் நகரத்துல, மெடிசி குடும்பத்துக்கு வேலை பார்த்த பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி, சுண்டுறதை விட்டுட்டு சுத்தியலால தட்ட வைத்தார். தட்டின உடனே சுத்தியல் விலகிடணும், இல்லேன்னா கம்பி அதிரவே முடியாது. அந்த விலகல்தான் அவரோட சாமர்த்தியம். விரலோட பலம் அப்படியே சத்தத்துல தெரிய ஆரம்பிச்சது. 'பியானோ'ன்னா இத்தாலியில மெதுவா, 'ஃபோர்ட்டே'ன்னா பலமா. பேரு வந்ததே அதனாலதான். அவர் செய்ததில் மூணு இன்னிக்கும் இருக்கு. மூத்தது 1720-ல் செய்தது, நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில்.

இந்த விஷயத்தை மனசுல வச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

1760-கள்ல லண்டன்ல ட்சும்பே என்கிறவர் மேஜை மாதிரி சின்னதா, விலை குறைவா ஒரு 'சதுர பியானோ' செய்ய ஆரம்பிச்சார் (பேருதான் சதுரம், பார்க்க நீள்சதுரம்). பெரிய மாளிகை இல்லாத குடும்பங்களுக்கும் பியானோ போனது இப்படித்தான். அந்தக் காலத்துக் கீபோர்டுன்னு வச்சுக்குங்களேன். 1825-ல் பாஸ்டன்ல ஆல்ஃபியஸ் பாப்காக் ஒரே வார்ப்பா இரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அப்புறம் கம்பிகளை இன்னும் இன்னும் இறுக்கிக் கட்ட முடிஞ்சது. இன்னிக்கு ஒரு பியானோவில் சுமார் 230 கம்பி. மொத்த இழுவிசை 20 டன்னுக்குப் பக்கம்.

அக்காவுக்கு நான் சொன்னது இதைத்தான். பழைய வயலின் மாதிரி பழைய பியானோவும் வயசாக வயசாக நல்லா இருக்கும்னு நினைக்கக் கூடாது. இது ஒரு யந்திரம். டன் கணக்குல இழுவையைத் தாங்கிக்கிட்டு நூறு வருஷம் நின்ன யந்திரம்.

நம்ம ஊர்ல கிடைக்கிற பழசு பெரும்பாலும் வெள்ளைக்காரன் காலத்துல கப்பல்ல வந்தது. லண்டன்ல கேம்டன் டவுன் பக்கம்தான் பியானோ பட்டறைகள் நிறைய. சென்னை மியூசி மியூசிகல் கடையோட கதையே 1842-ல் மிஸ்குவித் கம்பெனியா ஆரம்பிக்குது. அவ்வளவு நாளா இங்கே இந்த வியாபாரம் நடக்குது. ஆனா நம்ம கடற்கரைக் காத்து இருக்கே! கம்பி துருப்பிடிக்கும், கட்டை ஊறி மாட்டிக்கும், ஃபெல்ட்டைப் பூச்சி தின்னும், கரையான் வேற. எல்லாத்தையும் விட மோசம், கம்பியைச் சுத்தி வச்சிருக்கிற முளைகள் குத்தியிருக்கும் மரப்பலகை. மழைக்கும் வெயிலுக்கும் ஊறிச் சுருங்கி, ஓட்டை தளர்ந்துபோகும்.

அக்கா பார்த்து வச்சிருந்த பியானோவுக்கு விலை நாற்பதாயிரம். மெழுகுவர்த்தித் தண்டெல்லாம் வச்சு அவ்வளவு அழகு. ட்யூனரைக் கூட்டிட்டுப் போனோம். சாவியைப் போட்டுத் திருப்பினார், முளை வழுக்கிக்கிட்டே பின்னாடி வந்தது. மேல் பலகையைத் தூக்கினா வரிசையா கம்பிகள், பறவைக்கூண்டு மாதிரி. அந்தக் கால ஆங்கிலேய பியானோக்கள்ல இருந்த அமைப்பு அது. ட்யூனர்கள் பலருக்கும் பிடிக்காத ஜாதி. "சும்மா குடுத்தாலும் வேணாம்மா"ன்னுட்டார். அக்கா முகம் வாடிப்போச்சு.

சரி, அத்தான் ஜெயிச்சாரா? அதுவும் இல்லை.

அமெரிக்காவில் பியானோ உற்பத்தியோட உச்சம் 1909, ஒரே வருஷத்துல மூணரை லட்சத்துக்கு மேல. அப்புறம் கிராமஃபோன், ரேடியோ, 1929 வீழ்ச்சின்னு வரிசையா அடி. பல வருஷம் கழிச்சு, 1980-ல் ஜப்பான்ல கால்குலேட்டர் செய்த கேசியோ கம்பெனி 'கேசியோடோன் 201' கொண்டுவந்தது. 49 கட்டை, விதவிதமான வாத்தியச் சத்தம், கைக்கு அடக்கம். ஆனா எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம்! இன்னிக்கும் ரொம்பக் குறைஞ்ச விலைக் கீபோர்டுகள் பல அப்படித்தான். பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள ஒரு ஹார்ப்சிகார்ட். குழந்தையைக் கிறிஸ்டோஃபோரிக்கு முன்னாடி காலத்துக்கே அனுப்பிடறோம்.

1983-ல்தான் நிலைமை மாறுச்சு. அந்த வருஷம் வந்த மிடி முறையில ஒரு கட்டையை எவ்வளவு வேகமா அழுத்தினோங்கிறதை 1-லிருந்து 127 வரை எண்ணாவே குறிக்கலாம். அதே வருஷம் யமஹா கிளாவினோவா டிஜிட்டல் பியானோ வந்தது. அப்புறம் நிஜ சுத்தியல் மாதிரியே கனம் வச்ச கட்டைகளும் வந்தன. அக்கா வீட்டுக்குச் சரின்னு நான் சொன்னது இந்த வகைதான்: 88 கட்டை, கனமானது, ஒரு பெடல். நல்லா பராமரிச்ச, முளை இறுக்கமா இருக்கிற பழைய பியானோ கிடைச்சா அதுக்கு நிகர் கிடையாது, ஒத்துக்கறேன். ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வந்து போக ஒரு ட்யூனர் பக்கத்துல இருக்கணும்.

எதை வாங்கினாலும் கடைக்குக் குழந்தையையும் கூட்டிட்டுப் போங்க. ஒரே கட்டையை முதல்ல பூ மாதிரி, அப்புறம் ஓங்கி அழுத்தச் சொல்லுங்க. ரெண்டும் ஒரே மாதிரி கேட்டா விற்பனையாளர் என்ன தள்ளுபடி சொன்னாலும் வந்துடுங்க.