நிலத்தடி நீரின் தரமும் தமிழ்ச் சொல்வழக்கும்

குடிநீரின் தன்மையைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களுட் பல நாவையும் அடுக்களையையும் சார்ந்து பிறந்தவை. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர், உவர்நீர் என்பன சுவையால் அமைந்த பெயர்கள். 'பருப்பு வேகாத தண்ணீர்' என்பது கடினநீரைச் சுட்டும் வழக்கு. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீரில் பருப்பு எளிதில் குழையாது, சோப்பும் நுரைக்காது. ஆகவே இவ்வழக்கு ஒருவகைச் சோதனை முறையே எனலாம். கலங்கல் நீர் தேற்றா விதையால் தெளிவதைக் கலித்தொகை உவமையாகக் கையாள்கிறது. தெளியச் செய்தலும் ஆறுதல் கூறுதலும் 'தேற்று' என்னும் ஒரே வினையால் குறிக்கப்படுதல் ஈண்டு நோக்கத்தக்கது.

இச்சொற்களுக்கு அகப்படாத கேடு ஒன்று 1937இல் வெளிப்பட்டது. அந்நாளைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில், பல்லில் கறை படிந்து எலும்பு இறுகி முதுகு வளையும் நோய்க்குக் கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடே காரணம் என்று ஷார்ட்டும் அவருடன் ஆய்ந்தோரும் அறிவித்தனர். நீரிற் கலந்த ஃபுளோரைடை நாவோ கண்ணோ அறியா. தேற்றாங்கொட்டையால் அது நீங்காது. காய்ச்சினாலோ நீர் சுண்டுமளவுக்குச் செறிவு கூடும். இக்கேட்டினின்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களைக் காக்கவே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது.

நாவை நம்புதலால் வரும் இடர் வறண்ட மாவட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் பாறசாலை, நெய்யாற்றங்கரை எல்லைப்புறங்களிலும் இது பொருந்தும். கேரளத்துச் செம்புரைக்கல் நிலக் கிணறுகளில் பொதுவாக உப்பு குறைவு. அமிலத்தன்மையும் கழிவுக்குழிகளிலிருந்து கசியும் நுண்ணுயிர்களுமே அங்குக் கவலைக்குரியன. சுவையால் 'நல்ல தண்ணீர்' ஆயினும் ஆய்வுக்கூடத்தில் அது தவறக்கூடும்.

மொழிபெயர்ப்பாளர் பொறுப்பு இங்குத் தொடங்குகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் (ஐ.எஸ். 10500) ஈரெல்லைகளை வகுக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி லிட்டருக்கு ஃபுளோரைடு 1.0 மில்லிகிராமும் கரைந்த திடப்பொருள் 500 மில்லிகிராமும் ஏற்கத்தக்கவை. முறையே 1.5, 2000 மில்லிகிராம் என்னும் மேலெல்லை, வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டும் பொருந்துவது. இதனை 'அனுமதிக்கப்பட்ட அளவு' என்று சுருக்கிப் பெயர்த்தால் நிபந்தனை மறைந்து சலுகை மட்டுமே எஞ்சும். கோடையில் ஒரே ஆழ்துளைக் கிணற்றை நம்பும் குடும்பம் அச்சலுகையையே பாதுகாப்பு எனக் கொள்ளும். 'வேறு நீர் இல்லாவிடத்து மட்டும் ஏற்கும் எல்லை' என்பது நீண்ட தொடரே; எனினும் பொருள் குறையாத தொடர் அதுவே.