தேனீ விஷம் கேன்சரைக் குணப்படுத்துமா? ஆய்வு சொன்னது என்ன, சொல்லாதது என்ன?

கொடைக்கானல் மலையடிவாரத்தில் உள்ள கெங்குவார்பட்டி மாதிரியான தேனி மாவட்ட ஊர்களில் மலைத்தேனுக்கு எப்பவுமே தனி மவுசுதான். சளி, இருமல் என்றால் தேன் நல்ல கை வைத்தியம். ஆனால், 'தேனீ விஷம் ஒரு மணி நேரத்தில் கேன்சரை அழிக்கும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவலை நம்பலாமா?

இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது?

முழுக்கப் பொய் இல்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உள்ள ஹாரி பெர்கின்ஸ் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 2020 செப்டம்பரில் வெளியானது. சியாரா டஃபி தலைமையிலான குழு, தேனீ விஷத்தை மார்பகப் புற்றுநோய் செல்கள் மீது சோதித்தது. விஷத்தில் உள்ள 'மெலிட்டின்' என்ற பொருள், 60 நிமிடத்துக்குள் அந்த செல்களின் மேலுறையைச் சிதைத்தது. சிகிச்சைக்குச் சவாலான 'டிரிபிள் நெகட்டிவ்' வகை செல்களும் தப்பவில்லை. கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது எலிகளில் கட்டியின் வளர்ச்சி குறைந்தது.

அப்புறம் ஏன் மருந்தாக வரவில்லை?

இது நடந்தது ஆய்வகத்திலும் எலிகளிலும்தான். மெலிட்டின் ரத்த சிவப்பணுக்களையும் உடைக்கும். நல்ல செல்களை விட்டுவிட்டு, கட்டிக்கு மட்டும் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் விஞ்ஞானிகளின் சவால். அதற்காக நானோ துகள்களை வைத்து ஆய்வுகள் நடக்கின்றன. எனவே தேனீயைக் கொட்ட விடுவது சிகிச்சை ஆகாது. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே ஒரு கொட்டுகூட உயிருக்கு ஆபத்தாகலாம்.

தேனுக்குப் பயனே இல்லையா?

உண்டு. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிரியக்க சிகிச்சை எடுப்பவர்களுக்கு வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க, தேனைப் பயன்படுத்தலாம் என்று 2020ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. ஆனால் அது பக்கவிளைவுக்கான துணை மட்டுமே, கட்டியைக் கரைக்காது. சர்க்கரை நோய் இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது.

சிகிச்சையைத் தள்ளிப்போட்டால்?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல் இதைக் கணக்கிட்டார்கள். வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய புற்றுநோயாளிகளுக்கு இறப்பு அபாயம் 2.5 மடங்கு. மார்பகப் புற்றுநோயில் 5 மடங்குக்கும் மேல்.

என்ன செய்யலாம்?

மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண், காரணமில்லாத ரத்தக்கசிவு இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். தேனி மாவட்டத்தில் இருப்பவர்கள் க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு. காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டு போங்க.