காற்று தந்த விளக்கு

'வீட்டிலேயே காற்றாலை அமைத்து மின்சாரம் எடுக்க முடியுமா, ஐயா?' என்று என் மாணவன் ஒருவன் முன்பொரு நாள் வினவினான். அவனுக்கு நான் கூறிய வரலாறு இது.

ஸ்காட்லாந்து நாட்டில் மேரிகர்க் என்பது ஒரு சிற்றூர். கிளாஸ்கோ நகரக் கல்லூரிப் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத், 1887ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அவ்வூரிலிருந்த தம் விடுமுறை இல்லத்தின் தோட்டத்தில் துணிப்பாய்கள் கட்டிய காற்றாலை ஒன்றை நிறுவினார். அதன் உயரம் சுமார் 33 அடி. காற்றில் பாய்கள் சுழல, அவற்றோடு இணைந்த டைனமோவும் சுழன்றது. காற்றோ நாம் வேண்டும்போது வீசுவதன்று. ஆகவே, பிறந்த மின்சாரத்தைச் சேமக்கலங்களில் நிரப்பிவைத்து, இரவில் வீட்டுக்கு விளக்கேற்றினார்.

எஞ்சிய மின்சாரத்தால் ஊர்த்தெருவுக்கும் ஒளி தருவதாகக் கூறினார். ஊராரோ, அது பேயின் வேலை என்று அஞ்சி மறுத்துவிட்டனர். பிளைத் மனந்தளரவில்லை, பின்னர் மான்ட்ரோஸ் நகர மனநல மருத்துவமனைக்கு மற்றொரு காற்றாலை அமைத்துக் கொடுத்தார்.

அவ்வூராரின் அறியாமையை எண்ணி என் மாணவன் நகைத்தான். எனக்கு நகைப்பு வரவில்லை. விளங்காத பொருளைக் கண்டு அஞ்சுவது மனித இயல்பு. நீங்கள் ஒரு பொறியைச் செய்தால், அது இயங்கும் விதத்தை அண்டை வீட்டாருக்கும் எடுத்துரையுங்கள். அதுவும் விஞ்ஞானியின் கடமையே.