எரிவாயு விற்கும் மலேசியா, வெளியில் வாங்குவது ஏன்?

சுங்காயில் உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கும் கேஸ் தோம்பு எல்.பி.ஜி. இங்கே பேசப்போவது அதுவல்ல. மின்விசிறியைச் சுழல வைக்கும் இயற்கை எரிவாயு. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் தயாராகிறது. பேராக்கிலேயே செகாரியில் ஓர் எரிவாயு மின் நிலையம் உண்டு.

நம்மிடம்தான் எரிவாயு இருக்கே?

இருக்கு. ஆனால் இருக்கும் இடம்தான் சிக்கல். எரிவாயுவைத் திரவமாக்கி (எல்.என்.ஜி) ஏற்றுமதி செய்யும் பெரிய ஆலை சரவாக்கின் பிந்துலுவில் இருக்கிறது. 1983 முதல் அங்கிருந்து ஜப்பானுக்குக் கப்பல் போகிறது. பெரும்பகுதி நீண்டகால ஒப்பந்தங்களில் விற்கப்படுகிறது. அங்கிருந்து தீபகற்பத்துக்குக் குழாயும் கிடையாது. நடுவில் தென்சீனக் கடல். திரெங்கானு கடலில் கிடைப்பது மட்டும் நமக்குப் போதவில்லை.

அப்படின்னா, எங்கிருந்து வருகிறது?

ஒரு வழி, அண்டை நாட்டோடு பங்கு. மலேசியாவும் தாய்லாந்தும் ஒரே கடல் பகுதிக்கு உரிமை கோரின. எல்லைச் சண்டையை ஒதுக்கி வைத்து, கூட்டாக எடுக்கலாம் என்று 1979-இல் ஒப்புக்கொண்டன. செலவும் வருமானமும் பாதிக்குப் பாதி.

இன்னொரு வழி, கப்பல். மலாக்காவின் சுங்கை ஊடாங்கில் 2013-லும், ஜொகூரின் பெங்கெராங்கில் 2017-லும் இறக்குமதி முனையங்கள் இயங்கத் தொடங்கின. திரவம் அங்கே மீண்டும் வாயுவாகி, குழாயில் ஏறுகிறது.

இதில் போட்டி எங்கே?

2022-இல் ரஷ்யக் குழாய் எரிவாயு குறைந்ததும், ஐரோப்பா அதிக விலை கொடுத்து எல்.என்.ஜி கப்பல்களை இழுத்துக்கொண்டது. அந்த விலைக்கு வாங்க முடியாத வங்காளதேசத்தில் மின்வெட்டு வந்தது. உலக எல்.என்.ஜி வாணிபத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஹோர்முஸ் நீரிணை வழியாகப் போகிறது. அங்கே பதற்றம் என்றாலே விலை ஏறும். ஒரே கடையை நம்பக்கூடாது என்பது இதில்தான் புரிகிறது.

வாங்குவதிலும் அரசியல் உண்டு. அக்டோபர் 2025-இல் கோலாலம்பூரில் அமெரிக்காவுடன் கையெழுத்தான வர்த்தக உடன்பாட்டில், ஆண்டுக்கு 50 லட்சம் டன் வரை எல்.என்.ஜி வாங்கும் அம்சம் இருந்தது. இறக்குமதி வரி பேரத்தில் எரிவாயுவும் ஒரு காய்.

கரண்டு பில் ஏறுமா?

ஜூலை 2025 முதல் எரிபொருள் செலவுக்கேற்ப மின்கட்டணம் மாதாமாதம் சரிசெய்யப்படுகிறது. மாதம் 600 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு இதிலிருந்து விலக்கு. அதற்கு மேல் போனால், உலகச் சந்தையின் ஏற்ற இறக்கம் பில்லில் தெரியும்.

பல நாடுகளிடம் வாங்கினால் விலை குறைந்துவிடாது. ஒரு கதவு மூடினாலும் இன்னொன்று திறந்திருக்கும், அவ்வளவுதான்.