பழவேற்காடும் கீழைத் தீவு நாடுகளும்: நிலமும் காற்றும் அமைத்த வரலாறு

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் கிழக்கே அமைந்துள்ள கடற்கரை ஊர் பழவேற்காடு. இதை ஒட்டிய பழவேற்காடு ஏரி, சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் ஆகும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தெற்குப் பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. 17ஆம் நூற்றாண்டில் இன்றைய இந்தோனேசியா, மலேசியா, இலங்கை ஆகிய நாடுகளின் கரைகளோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்த துறைமுகம் இது. அந்தத் தொடர்பு உருவானதற்கும் தளர்ந்ததற்கும் அரசர்களும் வணிகர்களும் மட்டும் காரணம் அல்லர். மணலுக்கும் காற்றுக்கும் மழைக்கும் அதில் பங்கு உண்டு.

கடல்மட்டம் உயர்ந்த காலம்

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனிக்காலத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைய நிலையைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இலங்கை இந்தியாவோடு நிலத்தால் இணைந்திருந்தது. சுமாத்திரா, சாவகம், போர்னியோ ஆகியவை மலாய்த் தீபகற்பத்தோடு சேர்ந்து ஒரே நிலப்பரப்பாக இருந்தன. பனி உருகிக் கடல் ஏறியபோது பள்ளமான நிலங்கள் மூழ்கின. மேடுகள் தீவுகளாகவும் தீபகற்பமாகவும் எஞ்சின.

கடல்மட்டம் ஓரளவு நிலைபெற்ற பின், சோழமண்டலக் கரையில் அலைகள் மணலைக் கரையோரமாக நகர்த்தி நீண்ட திட்டுகளை உருவாக்கின. அத்தகைய மணல் தீவுகளில் ஒன்றுதான் இன்று ஏவுதளம் அமைந்துள்ள ஸ்ரீஹரிகோட்டா. அதன் பின்னால் அடைபட்ட ஆழமற்ற நீர்ப்பரப்பே பழவேற்காடு ஏரி. தெற்கிலிருந்து ஆரணியாறும், வடமேற்கிலிருந்து காளங்கி ஆறும் இதற்கு நன்னீர் கொண்டுவருகின்றன. கடல்நீர் முகத்துவாரம் வழியாக உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் ஏரியின் உப்புத்தன்மை குறையும். கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, உப்புத்தன்மை கூடும்.

ஒரே காற்று, வேறு வேறு மழை

வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகள் எல்லாம் பருவக்காற்றின் ஆளுகைக்கு உட்பட்டவை. ஆனால் மழை எங்கும் ஒரே காலத்தில் பெய்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை பெருமளவு தடுத்துவிடுவதால், பழவேற்காட்டுக் கரைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. இலங்கையிலும் இதே பிரிவு காணப்படுகிறது. தென்மேற்குப் பகுதி மே முதல் செப்டம்பர் வரை பெருமழை பெறுகிறது. யாழ்ப்பாணமும் கிழக்குக் கரையும் தமிழ்நாட்டைப் போல ஆண்டின் கடைசி மாதங்களை எதிர்பார்த்திருக்கின்றன. மலேசியாவின் கிளந்தான், திரங்கானு மாநிலங்களிலும் வடகிழக்குக் காற்றின் காலமே வெள்ளக் காலம்.

நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் மழை உண்டு. ஆண்டு மழையளவு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அந்தப் பகுதியில் புவிச் சுழற்சியால் காற்று வளையும் விசை மிகக் குறைவு. அதனால் அங்கே புயல்கள் உருவாவது அரிது. பழவேற்காட்டுக் கரையிலோ ஆண்டின் இறுதி மாதங்கள் புயல் காலமாகும். பாய்மரக் கப்பல்கள் அந்த மாதங்களில் இந்தத் திறந்த கரையில் நங்கூரமிட அஞ்சின. தென்மேற்குக் காற்று கப்பல்களைக் கிழக்கே கொண்டு சென்றது. வடகிழக்குக் காற்று மேற்கே திருப்பிக் கொண்டுவந்தது.

துணியும் வாசனைப் பொருளும்

மலுக்குத் தீவுகளின் கிராம்பையும் சாதிக்காயையும் நாடிவந்த ஒல்லாந்தர், அங்கே வெள்ளி நாணயத்தைவிடச் சோழமண்டலத் துணிக்கு மதிப்பு அதிகம் என்பதைக் கண்டனர். அந்தத் துணியின் சிவப்பு நிறம் சாயவேரிலிருந்து கிடைத்தது. சாயவேர்ச் செடி கரையோர மணல் நிலத்தில் வளர்வது. கப்பலை நெருங்கவிடாத அதே மணல்தான் ஏற்றுமதிப் பொருளுக்கு நிறமும் தந்தது.

விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் இசைவோடு 1610இல் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். 1612இல் போர்த்துக்கீசியர் அதைத் தாக்கி அழித்தனர். 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக 1690 வரை பழவேற்காடு விளங்கியது. பின்னர் அத்தகுதி நாகப்பட்டினத்துக்குச் சென்றது. மலேசியாவில் கட்டம் போட்ட கைலியை இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்று அழைக்கின்றனர். அந்தப் பெயர் பழவேற்காட்டின் பெயரிலிருந்து வந்ததாகும்.

இந்த வணிகத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1620களில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, வறுமையில் விற்கப்பட்ட மனிதர்களும் இந்தக் கரையிலிருந்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக ஏற்றப்பட்டனர். பருவமழை தவறிய ஆண்டுகளில் துணியோடு மனிதரும் சரக்காயினர்.

1824 உடன்படிக்கை

1824 மார்ச் 17 அன்று பிரித்தானியாவும் நெதர்லாந்தும் இலண்டனில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. சுமாத்திராவில் இருந்த பெங்கூலுவை ஆங்கிலேயர் விட்டுக்கொடுத்தனர். மலாக்காவையும் இந்தியாவில் இருந்த தம் குடியிருப்புகளையும் ஒல்லாந்தர் கொடுத்தனர். 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் வசமாயிற்று. மலாய்த் தீபகற்பத்துக்கும் இந்தோனேசியத் தீவுகளுக்கும் இடையிலான இன்றைய எல்லைக்கு வித்திட்டதும் இதே உடன்படிக்கைதான். சென்னை வளர்ந்துவிட்டிருந்த அந்தக் காலத்தில், ஆழமற்ற முகத்துவாரம் கொண்ட பழவேற்காடு மீன்பிடி ஊராகச் சுருங்கியது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடாக உள்ளது. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் மட்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

இன்றைய நிலை

கடல்வழித் தொடர்பு குறைந்தாலும் கடலின் தொடர்பு அறவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திரா அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை, 2 முதல் 3 மணி நேரத்துக்குள் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையைத் தாக்கியது. 2023 டிசம்பரில் கரைக்கு அப்பால் மெல்ல நகர்ந்த மிக்சாம் புயல் திருவள்ளூர் மாவட்டத்தில் பெருவெள்ளத்தை உண்டாக்கியது.

இதற்கிடையே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தது. எண்ணூரில் 2001இலும், காட்டுப்பள்ளியில் 2013இலும் துறைமுகங்கள் செயல்படத் தொடங்கின. இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் நீளும் கற்சுவர் அதை மறிக்கும்போது, தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின் மெரினா அகன்றதும், இராயபுரம் பக்கம் கரை தேய்ந்ததும் இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தை மீனவர்கள் எதிர்ப்பதற்கு இந்த அச்சம் ஒரு முக்கியக் காரணம்.

ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் மரபு இங்கே நெடுங்காலமாக உள்ளது. முகத்துவாரம் திறந்திருந்தால்தான் இறாலும் மீனும் கடலுக்கும் ஏரிக்கும் இடையே வந்துபோகும். பாட்டில் பகிர்ந்துகொள்ளவும் ஏதாவது இருக்கும். மழைவெள்ளம் வடிவதற்கும் அதே வழிதான். அரசுகள் மாறியபோதும் பழவேற்காட்டின் வாழ்வு இந்த ஒரு வாயிலையே நம்பியிருந்தது. முன்பு அதன் மணல் பெரிய கப்பல்களைத் தடுத்தது. இன்று அது அடைபட்டால் மீனவரின் வலை வெறுமையாகிறது.