ரேந்தைக் காசு

தையல் என்ற சொல்லுக்குப் பழைய தமிழ் நூல்களில் பெண் என்று ஒரு பொருள் உண்டு. ஊசி நூலால் துணியை இணைப்பதும் தையல்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள், ஆதி காலத்திலிருந்தே தமிழ்ப் பெண் ஊசியும் நூலுமாகத்தான் உட்கார்ந்திருந்தாள் போலும் என்று முடிவு கட்டிவிடக்கூடும். அப்படி முடிவு கட்டுவது எவ்வளவு சுலபமோ அவ்வளவு தவறு. சிலப்பதிகாரத்தில், புகார் நகரத்துத் தொழிலாளர் வரிசையில், துன்னகாரர் என்று ஒரு கூட்டத்தார் வருகிறார்கள். துணி தைப்பவர்கள் அவர்கள். அது கடைவீதித் தொழில். அடுக்களைக்குப் பக்கத்தில் நடந்த வேலை அல்ல. வீட்டில்தான் தைப்பதற்கு என்ன இருந்தது? சேலைக்குத் தையல் வேண்டாம், வேட்டிக்கும் வேண்டாம். பெண்கள் பூத் தொடுத்தார்கள், பாய் முடைந்தார்கள், கூடை பின்னினார்கள், ராட்டையில் நூல் நூற்றார்கள். விரல்களுக்கு ஓயாத வேலை இருந்தது. ஊசிக்குத்தான் அதிக வேலை இல்லை.

அப்படியானால் ஊசி எப்போது வீட்டுக்குள் வந்தது? யார் கொண்டுவந்தார்கள்?

இந்தக் கேள்வியை என்னிடம் போட்டவர்கள் சிட்லபாக்கத்தில் வசிக்கும் சகோதரிகள் இருவர். மூத்தவரின் வீடு ஏரிப் பக்கம். இளையவர் இரண்டு தெரு தள்ளி, ரயிலடிக்குப் போகும் வழியில் இருக்கிறார். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். இவர்கள் பின்னுகிற ஸ்வெட்டருக்கு ஒரு விசேஷம் உண்டு. முதுகையும் மார்பையும் அக்காள் பின்னுவார். கைகள் இரண்டும் தங்கையின் பொறுப்பு. எங்கே இணைத்தார்கள் என்று பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. சிட்லபாக்கத்தில் ஸ்வெட்டர் எதற்கு என்று நேயர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. மார்கழியில் நாலு விடியற்காலைகள், அதுவும் பால் வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும், இங்கே கொஞ்சம் குளிரும். ஸ்வெட்டர்களெல்லாம் விமானம் ஏறிப் பேரன் பேத்திகளிடம் போய்விடுகின்றன. உள்ளூருக்கென்று குரோஷா விரிப்புகள், குழந்தைச் சட்டைகள், 'சிவன் கண்' போட்ட ஒயர் கூடைகள்.

இந்த வித்தைக்கெல்லாம் அவர்களிடம் புத்தகம் கிடையாது. ஒரு சாண் அகலத்தில் பின்னிய மாதிரித் துண்டுகளை ஒரு பழைய சேலையில் வரிசையாகத் தைத்து வைத்திருக்கிறார்கள். இவற்றில் பாதி அவர்கள் தாயார் செய்தவை. அக்காளிடம் ஒரு வாரம், தங்கையிடம் ஒரு வாரமாக அந்தச் சேலை தெருவைக் கடந்துகொண்டிருக்கிறது. மூத்தவரின் கணவர் இதைப் 'பொழுதுபோக்கு' என்கிறார். "பென்ஷன் வாங்குகிறவருக்குப் பொழுது போகவில்லை. எனக்கு இருபத்துநாலு மணி நேரமே போதமாட்டேன் என்கிறது" என்பது அம்மையாரின் பதில்.

"எங்கம்மாவுக்கு அவங்க ஸ்கூல் தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்தாங்க. அந்த டீச்சருக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பாங்க? உங்களுக்குத்தான் பழைய கதையெல்லாம் தெரியுமே" என்றார் இளையவர். நல்ல கேள்வி. நூலைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால், அது தமிழ் நாட்டின் தென்கோடியில் கொண்டுபோய் விடுகிறது.

முதலில் சொற்களையே பாருங்கள். சட்டைக்குப் போடுகிற பொத்தான் போர்த்துக்கீசியச் சொல். லேஸ் என்று இன்று நாம் சொல்வதற்குத் தமிழில் வழங்கும் ரேந்தை என்ற பெயரும் போர்த்துக்கீசியந்தான். கடலோரத்துக்குக் கப்பலில் வந்தவர்கள் பண்டத்தோடு பெயரையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் ரேந்தை பின்னுவது தமிழ்ப் பெண்களின் கைத்தொழிலாகக் கிளம்பியது அதற்கு வெகு காலம் கழித்து, நாகர்கோவிலில்.

1819-ஆம் ஆண்டின் முடிவில், லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்ற பாதிரியார் தம் மனைவி மார்த்தாவுடன் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தார். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே பெண்களுக்கென்று தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்று ஏற்பட்டது. அதன் வழிவந்த டதி பெண்கள் பள்ளி இன்றைக்கும் நாகர்கோவிலில் நடக்கிறது. எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்த மால்ட் அம்மையார், இரண்டொரு ஆண்டுகளுக்குள்ளேயே ரேந்தை பின்னவும் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்.

அது கம்பளிப் பின்னல் போன்றதல்ல. மடியில் கெட்டியான ஒரு திண்டு, அதன்மேல் கோலப்புள்ளி மாதிரித் துளையிட்ட தாள், துளைகளில் குண்டூசிகள். நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். ஒன்றைக் குறுக்கே போட வேண்டும். ஒன்றை முறுக்க வேண்டும். இந்த இரண்டு அசைவுகளில்தான் பூவும் இலையும் கொடியும் பிறந்தாக வேண்டும். புள்ளியைச் சுற்றி வளைத்துக் கோலம் போடப் பழகிய கைகளுக்கு இது வெகு சீக்கிரம் வந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். நாகர்கோவில் ரேந்தை, இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சீமாட்டிகளிடமும் இங்கிலாந்திலும் விலை போயிற்று. பள்ளிச் செலவின் ஒரு பங்கு அந்தக் காசிலிருந்து வந்தது.

விஷயம் இத்துடன் நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்தப் பள்ளியில் சேர்ந்த சிறுமிகளில் சிலர் அடிமைகள். கதைக்காக நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை, சட்டப்படி அடிமைகள். திருவிதாங்கூரில் அந்நாளில் மனிதரை நிலத்தோடு சேர்த்து விற்கலாம், ஒத்தி வைக்கலாம், வாடகைக்கும் விடலாம். கம்பெனியாரின் ஆட்சிக்கு உட்பட்ட இந்தியாவில் 1843-ல் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு போயிற்று. திருவிதாங்கூரில் அது முழுவதும் ஒழிய 1855 ஆயிற்று. அதற்கு முன்பே, ரேந்தை பின்னிச் சேர்த்த காசை எஜமானர்களுக்குக் கொடுத்து அந்தப் பெண்களில் சிலர் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். ஓர் அங்குல ரேந்தைக்கு எத்தனை முறுக்கு, அப்படி எத்தனை அங்குலம் பின்னினால் ஒரு பெண்ணின் விலை ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், 'பொழுதுபோக்கு' என்ற சொல் தொண்டையில் சிக்குகிறது.

அந்தச் சீமையில் துணி சம்பந்தமான இன்னொரு போராட்டமும் அதே காலத்தில் நடந்துகொண்டிருந்தது. நாடார் முதலிய சமூகத்துப் பெண்கள், மேல்சாதியார் முன்னிலையில் மார்பை மறைத்துத் துணி போடலாகாது என்பது அங்கே வழக்கம். கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணியலாம் என்று 1814-ல் ரெஸிடெண்ட் கர்னல் மன்றோ உத்தரவு போட்டார். மிஷன் பெண்மணிகள் தளர்வான, குட்டைக் கை வைத்த சட்டை ஒன்றை வகுத்துக்கொடுத்தார்கள். அவ்வளவுதான்! 1822-லிருந்து கலகம். கடைத்தெருவில் பெண்களின் மேல்துணியைக் கிழித்தார்கள். பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் தீ வைத்தார்கள். 1829-ல் வந்த பிரகடனம், கிறிஸ்தவப் பெண்கள் சட்டை போடலாம், மேல்துணி கூடாது என்றது. 1858-லும் 1859-லும் கலகம் மறுபடி மூண்டது. சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26-ஆம் தேதி, நாடார் பெண்கள் எல்லோருமே சட்டை அணியலாம் என்று மகாராஜா பிரகடனம் செய்தார். அதிலும், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு குட்டைக் கைச் சட்டைக்கு நாற்பத்தைந்து வருஷம்! எங்கோ ஒரு துரைசானியின் கழுத்துப் பட்டிக்கு ரேந்தை பின்னி அனுப்பிய அதே ஊர்ப் பெண்கள், தங்கள் தோளுக்கு ஒரு முழம் துணி போட்டுக்கொண்டு சந்தைக்குப் போக முடியவில்லை. இதற்கு மேல் இதை விவரிக்க எனக்கு மனமில்லை.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா நாகர்கோவிலிலேயே வளர்ந்தவர். ஊர்ப் பெண்களின் பேச்சுத் தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. 1844-ல் அவர் மணந்துகொண்டவர் இடையன்குடியில் ஊழியம் செய்துவந்த ராபர்ட் கால்டுவெல். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டாரே, அவரேதான். இடையன்குடி திருநெல்வேலிச் சீமையின் செந்தேரிக் காட்டில் இருக்கிறது; பனையைத் தவிர வேறு பிழைப்பு அங்கே அரிது. தாயாரிடம் கற்ற ரேந்தைக் கலையை எலைசா அம்மையார் அந்த மணலுக்குக் கொண்டுபோனார். இடையன்குடிப் பெண்களுக்கும் அது கைத்தொழிலாயிற்று. 1968-ல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது கால்டுவெலுக்கு மெரினாக் கடற்கரையில் சிலை வைத்தார்கள். வைக்க வேண்டியதுதான். எலைசாவின் பெயரையும் மார்த்தாவின் பெயரையும் மிஷன் சரித்திரங்களில் தேடிப் பிடித்துவிடலாம். திண்டை மடியில் வைத்துக் கட்டைகளை உருட்டிய பெண்களின் பெயர்களைப் பிடிப்பதுதான் கஷ்டம். இங்கிலாந்திலிருந்து வருஷச் சந்தா அனுப்புகிறவரின் பெயரையே, அந்தப் பணத்தில் படிக்கும் பெண்ணுக்கு வைப்பது மிஷன் பள்ளிகளில் வழக்கமாக இருந்தது. ஆகையால் பழைய ஜாபிதாவில் ஒரு பெயர் அகப்பட்டாலும், அது கடல் கடந்த எந்தச் சீமாட்டியின் பெயரோ!

அக்காளிடமிருந்து தங்கைக்குப் போன வித்தை இப்படித்தான் போகும். எழுதி வைக்காத வித்தைக்குச் சரித்திரமும் எழுதப்படுவதில்லை.

பிற்பாடு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மிஷன் பள்ளியில் இருந்த தையல் மற்றப் பெண் பள்ளிகளுக்கும் பரவிற்று. தையல் டீச்சர் என்ற உத்தியோகம் ஏற்பட்டது. லோயர், ஹையர் என்று சர்க்கார் பரீட்சையும் ஏற்பட்டது. அமெரிக்காவில் ஐஸக் ஸிங்கர் 1851-ல் பதிவு செய்துகொண்ட தையல் இயந்திரம் தவணை முறையில் உலகமெல்லாம் போய், நம் வீட்டுத் திண்ணைகளுக்கும் வந்தது. காந்தியடிகள் 1924-ல் ஜி. ராமச்சந்திரனிடம் பேசுகையில், இயந்திரங்களில் ஸிங்கர் இயந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் ஸிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் கேள்விப்பட்டிருந்த கதை. ஸிங்கருக்குப் பல குடும்பங்களும் இருபதுக்கு மேல் குழந்தைகளும் இருந்ததை மகாத்மாவிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது! 1962-ல் சீனப் படையெடுப்பின்போது, எல்லையில் குளிரில் நின்ற ஜவான்களுக்காக நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டர் பின்னினார்கள். சிட்லபாக்கத்துச் சகோதரிகளின் தாயார் அப்போது பின்னிய மாதிரி அந்தப் பழைய சேலையில் நாலாவது வரிசையில் இருக்கிறது. பச்சைக் கம்பளி, இரண்டு நிட், இரண்டு பர்ல்.

ரேந்தைக் காசு மட்டும் இடையிலே எங்கோ வழி தவறிப்போயிற்று. ஆந்திராவில் நரசாபுரம் என்ற ஊரைச் சுற்றியும் பாதிரிமார் காலத்திலேயே லேஸ் வேலை வேரூன்றியிருந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணி அங்கே போய் ஆராய்ந்து 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நாள் முழுவதும் குரோஷா ஊசியை விடாத அந்தப் பெண்களைத் தொழிலாளிகள் என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. வீட்டுப் பெண்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ போடுகிறார்கள் என்றார்கள். சரக்கை வாங்கி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்த ஆண்கள் வியாபாரிகள் ஆனார்கள், வீடு கட்டினார்கள். வேலைக்கு 'ஓய்வு' என்று பெயர் சூட்டிவிட்டால் கூலியைக் குறைப்பது எவ்வளவு சௌகரியம்! சிட்லபாக்கத்திலும் இந்தச் சௌகரியம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். குழந்தைக்கு ஒரு குரோஷாச் சட்டை வேண்டும் என்று வந்த அண்டைவீட்டு அம்மாள், "சும்மா உட்கார்ந்து போடறதுதானே மாமி, நூல் விலையைத் தந்துடறேன்" என்றாளாம். பதினொரு மாலை நேரம் பிடித்த சட்டை அது. இளையவர் ஒரு காகிதத்தில் நூல் விலையை எழுதி, அதன் கீழே பதினொரு மாலைகளுக்கும் கூலி எழுதி, கூட்டிக் கையில் கொடுத்துவிட்டார். "இப்படியா செய்வே?" என்று மூத்தவருக்குக் கொஞ்சம் சங்கடம். ஆனாலும் காகிதத்தைத் திரும்ப வாங்கச் சொல்லவில்லை.

தண்டவாளத்துக்கு மறுபக்கம், தாம்பரம் சானடோரியம் ரயிலடிக்கு எதிரே, 1984-ல் ஏற்றுமதித் தொழில் வளாகம் ஒன்று ஏற்பட்டது. மெப்ஸ் என்று சொன்னால்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும். அங்கே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் உண்டு. ஒருத்தி காலர் தைப்பாள், அடுத்தவள் கை வைப்பாள், அதற்கடுத்தவள் பொத்தான். முழுச் சட்டையை ஒருத்தியே தைப்பது என்பது கிடையாது. மூத்தவரின் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் அங்கே காலர் பிரிவில் இருக்கிறாள். தையல் அவளுக்கு அவள் அக்காள் சொல்லிக்கொடுத்ததாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே இறங்கி வந்து பின்னல் கற்றுக்கொள்கிறாள். "நாள் பூரா தைக்கிறவளுக்கு லீவு நாளிலும் ஊசியா?" என்று நான் கேட்டேன்.

"ஒரே ஒரு துணியையாவது முதல்லேருந்து கடைசி வரைக்கும் நானே முடிச்சுப் பார்க்கணும் ஸார்" என்றாள்.

கழுத்துத் துண்டு ஒன்று ஆரம்பித்திருக்கிறாள். நாற்பது கண்ணி. போன வாரம் இரண்டு நழுவிவிட்டன; அக்காளும் தங்கையும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, பிரித்துவிட்டு மறுபடி போடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.