தெனாலிராமன் பூனை வளர்த்த கதை

விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயரையும் (ஆட்சி: 1509–1529) அவருடைய அவைக்கவி தெனாலி ராமகிருஷ்ணரையும் சுற்றி வழங்கும் நகைச்சுவைக் கதைகளுள் ஒன்று. தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் சிற்சில மாறுதல்களுடன் சொல்லப்படுகிறது.

தலைநகரில் எலித்தொல்லை பெருகவே, வீட்டுக்கொரு பூனையும் அதற்குப் பால் தர ஒரு பசுவும் வழங்குகிறார் அரசர். பூனையை யார் நன்றாகக் கொழுக்க வளர்க்கிறார் என்பது போட்டி. ராமன் முதல் நாளே கொதிக்கும் பாலைப் பூனையின் முன் வைக்கிறான். வாய் வெந்த பூனை அதன்பின் பாலைக் கண்டாலே ஓடுகிறது. பசுவின் பால் முழுவதும் ராமன் குடும்பத்துக்கு. பார்வையிடும் நாளில் மற்றப் பூனைகள் கொழுத்து நிற்க, ராமனுடையது எலும்பும் தோலுமாக வருகிறது. அரசர் சினக்க, ‘இது பால் குடிப்பதில்லை, அரசே’ என்கிறான். கிண்ணத்தில் பால் வைத்துச் சோதிக்கிறார்கள், பூனை பாய்ந்தோடுகிறது.

சில வடிவங்களில் அரசர் பூனையின் வாயிலுள்ள தழும்பைக் கண்டு உண்மையை அறிகிறார். சிலவற்றில், பால் குடித்துக் கொழுத்த பூனை எலி பிடிக்காது என்று ராமனே வாதிடுகிறான். பின்னதே கூர்மையானது: அரசரின் திட்டத்திலிருந்த ஓட்டையை அது காட்டுகிறது. பூனையின் பாடுதான் எந்த வடிவத்திலும் கேட்கப்படுவதில்லை.

‘பாண்டுரங்க மகாத்மியம்’ என்ற தெலுங்குக் காவியம் இயற்றிய ராமகிருஷ்ணர் வரலாற்று மனிதர். இக்கதைகள் வாய்மொழி மரபைச் சேர்ந்தவை. 1956-இல் வெளிவந்த ‘தெனாலிராமன்’ தமிழ்ப் படத்தில் சிவாஜி கணேசன் ராமனாக நடித்தார்.